சுடுநீர் மீனும் கட்டுக்கரைத் தண்ணீரும்

ஆவணி பிறக்கும்போது மன்னாரின் கட்டுக்கரைக் குளத்தின் அலைகரைப் பக்கம் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருக்கும். விட்டுப்போன பள்ளங்களில் முழங்கால் அளவும் கணுக்கால் அளவுமாக நீர் தேங்கி நிற்கும். உச்சிவெயிலில் அதில் கால் வைத்தால் சுடும். குளம் வான் பாய்ந்த மாரியில் இதே இடத்தில் ஆளுயரத் தண்ணீர் நின்றிருக்கும். ஒரே இடத்தில் வாழும் ஒரு சிறு மீனுக்குச் சில மாதங்களுக்குள் உலகமே மாறிவிடுகிறது: சூடு ஏறுகிறது, உப்பு செறிகிறது, ஒட்சிசன் குறைகிறது. இந்த மூன்றையும் ஒரு மீனின் உடல் எப்படித் தாங்குகிறது என்ற கேள்விக்கு உலகில் மிக விரிவாக விடை சொல்லியிருப்பவை அமெரிக்கப் பாலைவனத்தின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பப்மீன்கள்.

அவற்றுக்கும் நமக்கும் உறவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையின் தாழ்நிலக் குளங்களிலும் களப்போரங்களிலும் நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் ஒரு சின்ன மீன் உண்டு. அப்லோகைலஸ் பார்வஸ் என்பது அதன் அறிவியற் பெயர். 1916இல் சென்னை நன்னீர் மீன்களை ஆராய்ந்த சுந்தர ராஜ் அதை முதன்முதலில் விவரித்தார். வாய் மேல்நோக்கியிருக்கும், நுளம்புக் குடம்பியும் நீரில் விழும் எறும்பும் அதன் தீனி. இந்த மீனும் பப்மீனும் சிப்ரினோடொன்டிஃபார்மிஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இன்னும் நெருங்கிய உறவு வேண்டுமென்றால் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகவேண்டும். அங்குள்ள உவர்நீர் மீன் ஒன்றை 1872இல் பிரான்சிஸ் டே விவரித்தபோது, பப்மீன்களின் பேரினமான சிப்ரினோடொன் என்பதிலேயே சேர்த்தார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள் என்றாலும், டேயின் கண்ணுக்குப் பட்ட ஒற்றுமை தற்செயலானதல்ல.

பப்மீன் விரல் நீளம்கூட இராது. அரிசோனா, கலிபோர்னியா, வட மெக்சிக்கோ பகுதிகளில் வாழும் பாலைவனப் பப்மீன் 44 பாகை செல்சியஸ் வரை சூட்டைத் தாங்கும். கடல்நீரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உவர்ப்பான நீரிலும் வாழும். லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான ஒட்சிசனோடு கொஞ்ச நேரம் சமாளிக்கும். திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்கு 40 பாகைக்கு மேற்பட்ட தண்ணீர் தோலுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தச் சூட்டில் மீன் நீந்துகிறது.

சூடு மட்டும் தனியாக வருவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நீர் சூடாகும்போது அதில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசனின் அளவு குறைகிறது. 25 பாகையில் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் என்றால், 33 பாகையில் ஏழு அளவுக்குத்தான் கரையும். மீனுக்கோ சூடு ஏறினால் உடலின் வேலை வேகம் கூடுகிறது. பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேவை ஏறும் நேரத்திலேயே வரவு இறங்குகிறது. இந்த நெருக்கடிக்குள் பப்மீன் என்ன செய்கிறது என்பதைப் பற்றி லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுகிறது. 33 பாகையில் பழகிய மீன்கள், நீரில் ஒட்சிசன் இருக்கும்போதே, சில வேளைகளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதை எடுக்காமல் இருந்தன. அந்த நேரத்தில் உடலுக்குள் எதனோல் உண்டாகியது. நொதிக்கும் கள்ளில் நடக்கும் வேதிவினை ஒரு முதுகெலும்பியின் உடலில் நடக்கிறது. இந்த வழியில் ஒட்சிசன் இல்லாமல் வாழலாம். ஆனால் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதி வீணாகும். உணவும் குறைவான இடத்தில் அது பெரிய விலை.

இத்தனை தாங்கும் ஒரு மீன்குடும்பத்தில்தான் உலகிலேயே மிக அருகிப்போன மீன்களில் ஒன்றும் இருக்கிறது. நெவாடா மாநிலத்தின் ஆஷ் மெடோஸ் என்ற இடத்தில், சுண்ணக்கற் குன்றின் அடியில் ஒரு பிளவு. டெவில்ஸ் ஹோல் என்று பெயர். உள்ளே நீர் 130 மீற்றருக்கும் ஆழமாக இறங்குகிறது. அடியை இதுவரை எவரும் தொடவில்லை. ஆண்டு முழுவதும் 33, 34 பாகைச் சூடு. ஒட்சிசனோ லீற்றருக்கு மூன்று மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. இவ்வளவு ஆழம் இருந்தும் அங்குள்ள பப்மீன்கள் தின்பதும் முட்டையிடுவதும் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே கிடக்கும் ஒரு கற்பலகையின் மேல்தான். அதன் பரப்பு ஒரு சிறிய அறையின் தரையளவு. ஒரு முதுகெலும்பி இனம் முழுவதற்கும் இதைவிடச் சிறிய வாழிடம் உலகில் வேறில்லை. சிப்ரினோடொன் டயாபோலிஸ் என்று 1930இல் ஜோசப் வேல்ஸ் இதற்குப் பெயரிட்டார். உடல் இரண்டரைச் சென்ரிமீற்றர். ஆயுள் ஓர் ஆண்டு அளவு. மற்றப் பப்மீன்களுக்கு உள்ள இடுப்புச் செட்டை இதற்கு இல்லை.

பாறையின் நிழலால் மாரிகாலத்தில் அந்தப் பலகைமேல் நேரடி வெயில் படுவதேயில்லை. வெயில் இல்லையென்றால் அல்கா வளராது. அல்கா இல்லையென்றால் மீனுக்குத் தீனி இல்லை. பிளவின் சுவரில் தங்கும் கூகைகள் கக்கிப்போடும் எலும்பும் மயிரும்கூட அங்கே நீருக்கு உரம். இத்தனை சிறிய கணக்கில் ஓர் இனம் எத்தனை காலமாகப் பிழைத்திருக்கிறது? 2016இல் வெளிவந்த இரண்டு மரபணு ஆய்வுகளில் ஒன்று சில நூறு ஆண்டுகள் என்றது. மற்றது 60,000 ஆண்டுகள் என்றது. விவாதம் முடியவில்லை. எப்படியாயினும், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதன் அடையாளம் அதன் மரபணுவில் ஆழப் பதிந்திருக்கிறது. 2022இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அதை எண்ணிக்கையாகவே காட்டியது: ஆராய்ந்த மீன்களின் மரபணுத்தொகுதியில் சராசரியாக 58 சதவீதம் ஒன்றுபோலவே இருந்தது.

இந்த மீனுக்கு முதல் பேராபத்து சூட்டாலோ பகை மீனாலோ வரவில்லை. கிணற்றால் வந்தது. 1960களின் கடைசியில் அயலிலுள்ள பண்ணைகள் பயிருக்காக ஆழ்குழாய்க் கிணறு தோண்டி நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கின. கிணறு இருந்த இடம் டெவில்ஸ் ஹோலிலிருந்து நான்கு கிலோமீற்றர். ஆனால் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு கிடக்கிறது. 1962இல் பாறைச்சுவரில் பதித்த ஒரு செப்பு வளையத்தை அடையாளமாக வைத்து நீர்மட்டம் அளக்கப்பட்டு வந்தது. 1972இல் அது வளையத்துக்குக் கீழே ஏறத்தாழ நான்கு அடி இறங்கிவிட்டது. முட்டையிடும் கற்பலகையின் ஒரு பகுதி வெளியே தெரிந்தது.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. மீனைக் காப்பாற்று என்று சிலரும் மீனைக் கொல் என்று சிலரும் வாகனங்களில் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. 1976 ஜூன் 7இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு, மீன் வாழப் போதுமான நீர்மட்டத்தைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றது. நீர்மட்டம் வளையத்துக்குக் கீழே 2.7 அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்ற வரம்பு நிலைத்தது. நிலத்துக்கு மேல் ஓடும் ஆற்று நீருக்கு மட்டுமே பொருந்தும் என்று கருதப்பட்ட ஓர் உரிமை, நிலத்துக்கடியில் இறைப்பவரையும் கட்டுப்படுத்தலாம் என்று ஆனது. 1984இல் ஆஷ் மெடோஸ் வனஉயிர்ப் புகலிடமாகியது.

தீர்ப்பு தண்ணீரை மீட்டது. மீன் அதோடு தப்பிவிடவில்லை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து எண்ணிக்கை இறங்கியது. 2013 இளவேனிலில் எண்ணியபோது 35 மீன்கள். காரணம் இன்னதென்று ஒற்றை விரலால் சுட்டிக்காட்ட முடியவில்லை. இந்த இடத்தில்தான் மீன் தொட்டியின் கதை தொடங்குகிறது.

உண்மையில் தொட்டி முயற்சி 1972இலேயே ஆரம்பித்துவிட்டது. ஹூவர் அணையின் கீழே ஒரு கொங்கிரீற்றுத் தொட்டியில் டெவில்ஸ் ஹோல் மீன்களை விட்டார்கள். அவை பெருகின. ஆனால் சில ஆண்டுகளில் பார்த்தால் உடல் பெரிதாகி, தாய் மீன்களைப் போல் இல்லாமல் போய்விட்டிருந்தன. இது ஏன் என்பதற்கு உயிரியலாளர் ஷான் லெமா 2006இல் அழகான விளக்கம் ஒன்றைக் கண்டார். அமார்கோசா ஆற்றுப் பப்மீனின் குஞ்சுகளைச் சூடான நீரில், தீனியைக் குறைத்து வளர்த்தார். தைரொயிட் ஹோர்மோன் குறைந்தது, உடல் சிறுத்தது, தலையும் கண்ணும் ஒப்பீட்டளவில் பெரிதாகின, பலவற்றுக்கு இடுப்புச் செட்டை முளைக்கவேயில்லை. டெவில்ஸ் ஹோல் மீனின் அடையாளமாகப் புத்தகங்கள் சொல்லிவந்த உருவத்தின் பெரும்பகுதியை அந்தக் குளத்தின் சூடும் பசியும் சேர்ந்தே வார்த்திருக்கின்றன. அதே முட்டையை வசதியான தொட்டியில் பொரிக்கவிட்டால் வேறொரு மீன் வளரும்.

மீன் வளர்ப்பில் ஈடுபட்டிருக்கும் எவரும் இந்த முடிவை நின்று யோசிக்கவேண்டும். தொட்டி என்பது விதைநெல்லை வீட்டில் பத்திரமாக வைப்பது போன்றது; வயல் இருக்கும்வரைதான் அந்த நெல்லுக்கு அர்த்தம்.

2013இல் ஆஷ் மெடோஸில் அமைந்த புதிய வளர்ப்பு நிலையம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு கட்டப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டி. அதன் ஒரு பக்கத்தில் டெவில்ஸ் ஹோலின் கற்பலகையை அளவெடுத்து அப்படியே வார்த்திருக்கிறார்கள். பருவத்துக்கேற்ற வெயிலும் நிழலும் விழும்படி கூரை. நீரை மட்டும் இயற்கையைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும், ஒட்சிசனைக் கூடுதலாகவும் வைக்கிறார்கள்; மீனுக்கு மூச்சுமுட்டல் குறையட்டும் என்று. பெரிய மீன்களைப் பிடித்து வந்து விடாமல், இயற்கையில் பிழைக்க வாய்ப்புக் குறைந்த மாரிகால முட்டைகளைச் சேகரித்துக் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். முதலில் குஞ்சுகள் தேறவில்லை. இரவில் தொட்டிக்குள் கமரா வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டெவில்ஸ் ஹோலிலிருந்து மற்ற உயிர்களோடு வந்து சேர்ந்த ஒரு சிறு நீர்வண்டு, முட்டையையும் குஞ்சையும் தின்றுகொண்டிருந்தது. சொந்த இடத்தில் மீனோடு கணக்காக வாழ்ந்த வண்டு, தொட்டியில் அளவுமீறிப் பெருகியிருந்தது. அதைப் பொறிவைத்துப் பிடிக்கத் தொடங்கிய பிறகே வளர்ப்பு முன்னேறியது. பல கோடி செலவிட்ட நிலையத்திலும் நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

அந்த உழைப்பு வீணாகவில்லை. 2024 இளவேனிலில் டெவில்ஸ் ஹோலில் 191 மீன்கள் எண்ணப்பட்டன. அந்த ஆண்டின் கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் நிகழ்ந்த நிலநடுக்கங்கள் குளத்து நீரை அலையாக எழுப்பிக் கற்பலகையைக் கழுவிவிட்டன. அல்காவும் முட்டையும் ஆழத்துக்குள் போயின. 2025 இளவேனில் எண்ணிக்கை 38. அப்போது நிலையத்தில் வளர்ந்த 19 மீன்களைக் குளத்தில் விட்டார்கள். நீர் அங்கே இருந்ததால்தான் அவற்றை விட இடமிருந்தது. மெக்சிக்கோவின் லா பல்மாப் பப்மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நிலத்தடி நீரை இறைத்ததில் அதன் ஒரே குட்டை 1994இல் வற்றிப்போனது. அதற்கு முந்திய ஆண்டுதான் அறிவியல் அதற்குப் பெயரே சூட்டியிருந்தது. இன்று அந்த இனம் தொட்டிகளில் மட்டும் இருக்கிறது. திருப்பிவிட ஊற்று இல்லை.

சட்டம் அனுமதிக்கும் பப்மீன் இனங்களை வளர்ப்பவர்கள் முதலில் விடவேண்டிய எண்ணம், பாலைவன மீன் என்றால் சுடவைக்க வேண்டும் என்பது. தாங்குவது வேறு, விரும்புவது வேறு. பெரும்பாலான இனங்களுக்கு 25 பாகை அளவே போதும். ஓயாத சூடு ஆயுளைக் குறைக்கும். மாற்றம் மெதுவாக நடந்தால் எவ்வளவோ தாங்கும் மீன், ஒரே நாளில் நீரை மாற்றினால் துவண்டுபோகும். தண்ணீர் சற்றுக் கடினமாகவும் காரத்தன்மையோடும் இருக்கவேண்டும். மன்னாரின் சுண்ணக்கல் கிணற்று நீர் அப்படிப்பட்டதுதான். ஆனால் தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு அடியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் உவர்ப்பு மாதாமாதம் ஏறும். சேகரித்த மழைநீரால் நிரப்புவதே சரி. ஆண் மீன் நீலம் பூத்து ஒரு மூலையைத் தனக்கென்று காவல் காக்கும். வேறோர் ஆண் வந்தால் விரட்டிக் கடிக்கும். கல்லும் செடியும் வைத்துக் கண்மறைவு உண்டாக்கி, ஓர் ஆணுக்குப் பல பெண்களாக விட்டால் சண்டை தணியும். அல்காவும் நுண்ணிய உயிரிகளும் முதன்மைத் தீனி. இறைச்சித் தீனி மட்டும் போட்டால் குடல் கெடும். கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் அதில் முட்டையிடும். பெற்ற மீன்களே முட்டையைத் தின்றுவிடுமாதலால் அந்தக் கொத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். பொரித்த குஞ்சுக்கு ஆட்டீமியாக் குடம்பி.

இந்த முறைகளில் பெரும்பாலானவை நம் வெள்ளிப்பொட்டு மீனுக்கும் பொருந்தும். ஆனால் அது நீர்மட்டத்து மீன், துள்ளும். தொட்டிக்கு மூடி இல்லாமல் அதை வளர்க்க முடியாது. மிதக்கும் செடியும் உயிருள்ள பூச்சித் தீனியும் இருந்தால் போதும். மாணவர்களுக்குத் தொட்டியில் காட்ட வெளிநாட்டு மீன் தேடும் பாடசாலைகள் இதை வளர்த்துப் பார்க்கலாம். முட்டைக்குள் கரு நெளிவதை ஒரு சாதாரண உருப்பெருக்கியாலேயே பார்க்கமுடியும். எந்தப் பாடப்புத்தகப் படமும் அதற்கு ஈடில்லை.

எட்வின் பிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கலிபோர்னிய மீன்துறையின் உயிரியலாளர். ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் பப்மீன் அழிந்தேவிட்டது என்று நம்பப்பட்டு, 1964இல் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1969 ஆகஸ்டில் அது வாழ்ந்த கடைசிக் குட்டை திடீரென வற்றத் தொடங்கியது. பிஸ்டரும் உடனிருந்தவர்களும் ஓடிப்போய், எஞ்சிய சுமார் 800 மீன்களை வாரிக் கூடுகளில் வைத்தார்கள். மற்றவர்கள் போன பிறகு, அந்தக் கூடுகளில் நீரோட்டம் போதாமல் மீன்கள் சாவதைக் கண்ட பிஸ்டர், அவற்றை இரண்டு வாளிகளில் எடுத்துக்கொண்டு இருட்டில் தனியாக வேறோர் ஊற்றுக்கு நடந்தார். ஓர் இனம் முழுவதும் அந்த இரண்டு வாளிகளுக்குள் இருந்தது. கால் இடறியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஓவன்ஸ் பப்மீன் இன்றும் வாழ்கிறது. 2023இல் மறைந்த பிஸ்டர் செய்ததற்குத் தொட்டிகூடத் தேவைப்படவில்லை. ஆள் அங்கே இருந்தார், அது போதுமாக இருந்தது.

இலங்கையிலும் ஒற்றை ஓடையை நம்பி வாழும் மீன் உண்டு. கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமட அருகிலுள்ள ஒரு சிற்றோடையில் கண்டெடுத்து, மொரிஸ் கொட்டலாட்டும் ரோஹான் பெத்தியாகொடவும் 1991இல் விவரித்த பந்துலா மீன், வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடும் அந்த நீரையே பெரிதும் நம்பியிருப்பது. கட்டுக்கரையில் நிலைமை அவ்வளவு நெருக்கடியானதல்ல. வெள்ளிப்பொட்டு மீன் பாக்குநீரிணையின் இரு கரையிலும் பரந்து வாழ்வது. 1954இலேயே கட்டுக்கரை சரணாலயமாகிவிட்டது. அருவியாற்றின் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் நீர் அதை நிரப்புகிறது. ஆனால் முருங்கன் வட்டாரம் டெவில்ஸ் ஹோலைப் போலவே சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அடியில் உள்ள நீர்த்தேக்கம் ஒன்றோடொன்று தொடுத்தது; ஓரிடத்தில் ஆழ்குழாய்க் கிணறு அளவுமீறி இறைத்தால் வேறோரிடத்துக் கிணறு இறங்கும், கரையோரத்தில் உவர் ஏறும். நான்கு கிலோமீற்றர் தூரம் ஒன்றுமில்லை என்பதை நெவாடாவில் ஒரு வழக்கே நடத்தித் தெரிந்துகொண்டார்கள். நாம் வழக்கில்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. ஆஷ் மெடோஸில் பப்மீன்களைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அடுத்தபடியாக வருத்தியவை, மனிதர் கொண்டுவந்து விட்ட மீன்கள்: நுளம்பை ஒழிக்க விட்ட கம்பூசியா, வீட்டுத் தொட்டியிலிருந்து கொட்டிய மொலி. அங்கே வாழ்ந்த வேறொரு மீனினம் 1940களின் இறுதியில் இல்லாமலே போனது. கம்பூசியாவும் கப்பியும் இலங்கை நீர்நிலைகளிலும் நுளம்புக்காக விடப்பட்டவைதான். நுளம்புக் குடம்பியைத் தின்ன நம் குளத்து ஓரத்தில் ஏற்கெனவே ஒரு மீன் இருக்கும்போது, அதன் குஞ்சைக் கடிக்கும் அந்நிய மீன் எதற்கு?

மன்னாரிலும் முருங்கனிலும் நானாட்டானிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுத்துப்போன மீனை, பெருத்துப்போன மீனை, நோயுற்ற மீனை, புண்ணியம் என்று நினைத்தும்கூட, கட்டுக்கரையிலோ அதன் வாய்க்காலிலோ விடாதீர்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள். வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். குளத்துக்குள் மட்டும் வேண்டாம்.